இடம்

கூஹ்மோ, அக்டோபர் கடைசி. வெய்யோவின் கடைச் சுவரில்
முப்பத்தோரு ரைஃபிள்கள்.
முப்பதுக்கும் போல்ட் வலப்பக்கம்,
பந்தியில் வரிசையாய் நீளும் சோற்றுக்கைகள் போல.
ஒன்று மட்டும் நொட்டாங்கை.
"அதில் ஆசை வைக்காதே, இர்மெலி.
ஒரு பல் டாக்டர் முன்பணம் கட்டிவிட்டார்."

நான் முடி வெட்டுகிறவள்.
முதல் சம்பளத்தில் இடக்கைக் கத்தரி வாங்கினேன்.
மற்ற கத்தரிகள் என் கையில் வெட்டாது, மெல்லும்.
குற்றம் கையில் இல்லை,
எந்த அலகு எதன்மேல் ஏறுகிறது என்பதில்.
இவ்வளவும் தெரிந்தவள்தான்
பத்தொன்பது வருஷம் அண்ணன் கொடுத்த பழையதைச் சுமந்தேன்.
தானமாய் வந்த மாட்டை யார் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள்?

போன பருவம். ஏழாம் நிலை, சதுப்பின் விளிம்பு.
நாயின் குரைப்பு நெருங்கி வந்தது.
குட்டைப் பைன்களுக்கு நடுவே மூஸ் காளை.
முதல் குண்டு சற்றுப் பின்னால் பட்டுவிட்டது.
இரண்டாவதற்கு
இடக்கை பிடியை விட்டு
தொலைநோக்கியைத் தாண்டி
அந்தப் பக்கம் இறங்கி
குமிழைத் தூக்கி இழுத்து
(காலிக்கூடு மூக்கை உரசிப் பறக்க)
தள்ளி அமுக்கித் திரும்பி வந்தபோது
கண்ணாடிக்குள் பைன் மட்டும் நின்றது.

இரவு பதினொன்றரைக்கு, விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடித்தோம்.
அதுவரை அதற்கு உயிர் இருந்தது.
தார்மோ திட்டவில்லை.
காப்பிக் கோப்பையின் காதை
என் இடக்கைக்கு வாகாய்த் திருப்பி நீட்டினான்.
அதுதான் சுட்டது.

"வலத்தோளுக்கு மாறிவிடேன்," என்கிறான் வெய்யோ.
மாறிப் பார்த்தேன். என் வலக்கண் விருந்தாளி;
ஐந்து குண்டும் ஐந்து ஊருக்குப் போயின.
"அப்படியானால் வலப் போல்ட்டே உனக்கு லாபம்.
மணல்மூட்டையில் சாய்த்துக்கொள். இடக்கை விசையிலேயே இருக்கும்,
சும்மா கிடக்கும் வலக்கை போல்ட்டைப் பார்த்துக்கொள்ளும்."
பொய்யில்லை. காகிதத்துக்கு அது சரி.
சதுப்பில் நின்று சுடுகிறவளுக்கு
மூட்டையை யார் தூக்கி வருவது?

பட்டியலைப் புரட்டினான்.
வலத்துக்குப் பதினாறு வகை.
இடத்துக்கு இரண்டு,
இருநூற்று நாற்பது யூரோ கூடுதல், நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.
இடத்துக்கு எங்கேயும் இடமில்லை.

பிறகு என்ன நினைத்தானோ,
பல் டாக்டருடையதை இறக்கித் தந்தான்.
கன்னம் கட்டையில் படிந்தது.
உள்ளங்கைக் குழியை வால்நட் மரம் நிரப்பியது.
குமிழ் இதோ, கட்டைவிரல் தூரத்தில்.
என் கை அதைச் சட்டைசெய்யவில்லை.
மேலே ஏறி, தாண்டி, இறங்கி
வலப்பக்க வழவழப்பில் தடவித் தேடியது
அங்கே இல்லாததை.
வெய்யோ ரசீதுப் புத்தகத்தில் ஏதோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.
"பார்க்கிறது பார்க்கிறாய், ஒன்று கிழி," என்றேன்.

பிப்ரவரி. சலூனைப் பூட்டித் திரையும் இழுத்தாயிற்று.
மூன்று போலித் தோட்டாக்கள்.
தூக்கு. இழு. தள்ளு. அமுக்கு.
பத்துக்கு நான்கு தடவை
கை இன்னும் பழைய பாலம் ஏறிவிடுகிறது.
எதிர்க் கண்ணாடியில் ஒருத்தி
வலத்தோளில் அணைத்து, வலக்கையால்,
ஊரைப் போலவே போல்ட்டை இழுக்கிறாள்.
அவளுக்கும் பத்துக்கு நான்கு தவறுகிறது.