மூன்றாவது தாள்

லோரி ஏறினால் திரையில் எண் துடிக்கும்,
பிறகு அடங்கும்.
அடங்கிய எண்ணை முதல் தாளில் தட்டுவேன்.
இரண்டாவது தாளில் தோட்டம், ஓட்டுநர், நேரம்.
மூன்றாவது தாளை மேனேஜர் ஃபைசால் பார்த்ததில்லை.

அதில்தான் ஊசிமலைத் தோட்டத்துக் காற்பந்து.
ஐம்பத்தொன்பது, எழுபத்துமூன்று,
எண்பத்தெட்டு, இரண்டாயிரத்து நான்கு:
ஒன்றையொன்று பார்த்தே இராத
நாற்பத்துநான்கு சோடிக் கால்கள்.
பீடோர் சாலையில் இரவு ஷிப்ட் நீளம்.
செம்பனைக் குலைகள் வரும், போகும்;
இடையில் நான் கிண்ணம் நடத்துகிறேன்.

ஐம்பத்தொன்பதுக்குத்தான் பெரும்பாடு.
பதினோரு பெயரும் செக்ரோலில் இருக்கின்றன.
வேலைக்கு வந்த நாள் இருக்கிறது,
பிடித்த காசு இருக்கிறது,
அடித்த கோல் இல்லை.
வெறுங்காலுக்கு எத்தனை புள்ளி குறைப்பது?
மூன்று குறைத்தேன்.
மழை பெய்தால் அதே மூன்றைக் கூட்டினேன்.
விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவன்
மாலை ஐந்துக்கு எவ்வளவு ஓடுவான் என்று
களைப்புக்கு ஒரு கட்டம் திறந்தேன்.
கோல் காவலர் வேலாண்டிக்கு
மாசி முழுக்கக் காய்ச்சல்.
காய்ச்சலுக்கும் ஒரு கட்டம்.

எழுபத்துமூன்றுக்குப் பத்திரிகைத் துண்டு உண்டு.
படத்தில் ஒருவன் முகத்தைக் கரப்பான் தின்றிருக்கிறது.
வேகம் ஆறு என்று போட்டேன்,
முகம் தெரியாதவனுக்கு நடுவான எண்தானே நியாயம்.

எண்பத்தெட்டின் கணக்கு
முடிவெட்டும் சின்னராசுவிடம் கிடைத்தது,
நாற்பது பக்க நோட்டில்:
கோல், காயம், யார் யாருக்குச் சோடா வாங்கித் தந்தது.
சோடாவைச் சேர்க்கவில்லை.
பிறகு சேர்த்தேன்.

அரையிறுதியில் எண்பத்தெட்டு வெறுங்காலை
இரண்டுக்கு ஒன்று என்று தாண்டியது.
எழுபத்துமூன்று இரண்டாயிரத்து நான்கிடம் தோற்றது,
அதுவும் சிங்கப்பூர் வேலைக்குப் போன நாலு பேர்
ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து சேர்ந்ததால்.
அந்த முடிவுகளை உறையவைத்துப் பூட்டினேன்.

இறுதியாட்டத்தைப் பூட்டவில்லை.
கணினிக்கு ஒரு பழக்கம்:
எந்தத் தாளில் எதைத் தட்டினாலும்
பகடையை மறுபடி உருட்டும்.
ஆகவே லோரிக்கு ஒரு இறுதியாட்டம்.
இருபத்தெட்டு டன் என்றால் மூன்றுக்கு ஒன்று;
முப்பத்தொன்று என்றால் பெனல்ட்டி.

இரண்டேகாலுக்குச் சவரிமுத்துவின் லோரி ஏறியது.
வரிசை பதினான்கில் அவர்:
எண்பத்தெட்டு, வயது பத்தொன்பது, முன்னணி,
வேகம் ஒன்பது, பொறுமை இரண்டு.
வரிசை அறுபத்தொன்றிலும் அவர்:
இரண்டாயிரத்து நான்கு, வயது முப்பத்தைந்து, தடுப்பு,
வேகம் நாலு, கள்ளத்தனம் ஒன்பது.
இருவரும் ஒரே ஆள் என்று
கணினிக்கு நான் சொல்லவில்லை.

கண்ணாடிச் சன்னலில் குனிந்து பார்த்தார்.
மறைக்க நேரமில்லை.
யார் ஜெயித்தது என்று கேட்பார் என நினைத்தேன்.
"அந்தப் பயலை நான் தள்ளிவிட்டேனா?" என்றார்.
எழுபதாவது நிமிடம், மஞ்சள் அட்டை. காட்டினேன்.
சிரிக்கவில்லை.
"முட்டியிலயா?"
முட்டிக்குக் கட்டம் இல்லை என்றேன்.
"போடும்மா. வலது முட்டி. அதுலதான் எனக்கு..."
பின்னாலிருந்து ஹாரன்.

அவர் எடையைத் தட்டினேன்: முப்பது புள்ளி ஒன்று எட்டு.
ஒன்றுக்குப் பூஜ்யமாக இருந்தது இரண்டுக்கு இரண்டு ஆனது.
மஞ்சள் அட்டை வேறொருவன் பெயருக்குப் போயிருந்தது.
"பாத்தியா, நான் தொடவே இல்ல" என்று
போலீஸ் விட்டுவிட்டதுபோல் கியர் போட்டார்.

இப்போது குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பி
மேடையில் நிற்கிறார், வெறும் லோரி.
எண் துடித்து அடங்கிவிட்டது: பத்து புள்ளி ஆறு.
என் விரல் என்டரின் மேல்.
திரையை எட்டிப் பார்க்காமல்
சீட்டுக்காகக் கையை மட்டும் நீட்டியிருக்கிறார்,
வலது காலை
பிரேக்கிலிருந்து எடுக்காமல்.