நான் அப்பவே சொன்னேனே

போன போகம்
ஹெல்மெட் கழற்றாமல் வரம்பில் நின்று
நாற்பது துண்டுப்பிரசுரம் கொடுத்தேன்.
அதிலொன்று
வரிப்பத்தான்சேனைச் சந்தியில்
கடலை சுற்றி என் கைக்கே வந்தது.

இந்தப் போகம்
செருப்பை வாய்க்கால் கட்டில் விட்டு
வரவைக்குள் இறங்கினேன்.
உதுமாலெவ்வைக் காக்காவின் பம்பு ஏன் முக்குது,
மருமகன் கட்டாரிலிருந்து பேசினாரா,
எல்லாம் கேட்ட பிறகுதான்
தூரை விலக்கி அறக்கொட்டியானைப் பார்த்தோம்.
"எண்ணெய் இப்ப வேணாம் காக்கா,
சிலந்தி நிக்குது."
தலையாட்டினார்.

நேற்றிரவு பதினொரு மணிக்குப் போன்.
"தங்கச்சி, கோவிக்காதீங்க.
கடைக்காரன் சொன்னானெண்டு
போன கிழமை ரெண்டெண்ணெய் கலந்து அடிச்சிட்டன்.
வெள்ளாமை வட்டம் வட்டமாக் கருகிக் கிடக்கு."

'நான் அப்பவே சொன்னேனே.'
நாக்கு நுனிவரை வந்ததைப்
பல்லுக்குள் பிடித்துக்கொண்டேன்.
"தண்ணி எவ்வளவு நிக்குது?
வரம்ப வெட்டி வடிய விடுங்க.
விடிய வாறன்."

மாத அறிக்கையில்
வகுப்பு எத்தனை, வந்தவர் எத்தனை, கையொப்பம்.
இந்தப் போனை எழுத
நிரல் இல்லை.

விடிய
காக்காவோடு இன்னொருவரும் நின்றார்.
ஒரு வகுப்புக்கும் வராத ஜுனைதீன்.
என்னைப் பார்க்காமல்
சேற்றைப் பார்த்துச் சொன்னார்:
"நானும்தான்."