குடும்பத்தில் யாருக்காவது

ஸ்டான்லியில் குழந்தைகள் வரிசை.
டோக்கன் நூற்றிப் பதினேழு.
ஜெனிட்டா என் தோளில் தூங்குகிறாள்,
தூக்கத்திலும் நெஞ்சுக்குள் அந்த விசில்,
பக்கத்து வீட்டில் யாரோ
குக்கரை இறக்க மறந்துபோன மாதிரி.

டாக்டருக்கு என் தங்கச்சி வயசுதான் இருக்கும்.
பேச்சில் கோயம்புத்தூர்.
"குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சுங்களா?"
பேனா ஒரு கட்டத்தின் மேல் நிற்கிறது.

இருந்துச்சு மேடம்.
எங்கப்பாவுக்கு.
நிலக்கரி யார்டுல முப்பது வருசம்.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.
வாங்கின கடனைச் சில்லறையாய்த் திருப்புகிறவர் போல
ஒவ்வொரு மூச்சாய் எண்ணி எண்ணி விடுவார்.
இவளுக்கும் அதே நேரம்தான் மேடம்,
ரெண்டு, ரெண்டரை.
அதே மாதிரி தோளைத் தூக்கிக்கினு.

தலையசைத்து எழுதிக்கொண்டார்:
தாத்தா, தந்தைவழி.

அப்போதுதான் செலினா
மேசைக்குக் கீழே என் விரலை அழுத்தினாள்.

மறந்தே போயிருந்தேன்.

இவள் ரூபனின் பிள்ளை.
ஐப்பசியில் காசிமேட்டிலிருந்து போன படகு,
மூன்றாம் நாள் படகு மட்டும் வந்தது.
இவளுக்கு அப்போது பதினோரு மாசம்.
என் அப்பாவின் சாவோ அதற்கும் முன்னால்.
இரண்டு பேரும் ஒருவரையொருவர்
பார்த்ததே கிடையாது.

ரூபன் தந்தது எனக்குத் தெரியும்,
செலினா காட்டியிருக்கிறாள்.
காதுக்கு முன்னால் ஊசி குத்தினாற்போல் ஒரு குழி.
சீப்பை உடைக்கிற முடி.
அலையைக் கண்டால் நிற்காத கால்.

மிச்சம்?
கேரம் காயை அடிக்குமுன் நாக்கை ஓரமாய்க் கடிப்பது,
தோசையைக் கரையிலிருந்து தின்னத் தொடங்குவது,
ஹாரனைக் கேட்டே
எந்தக் கம்பெனி டிரெய்லர் என்று சொல்வது,
"இன்னா இப்போ" என்று கழுத்தை வெட்டுவது.
டிரெய்லர் ஓட்டுகிறவன் நான்தானே.
மார்க்கெட்டில் மீன்காரம்மா சொல்கிறாள்,
"அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு."
நான் மறுத்ததில்லை.
ஐம்பது ரூபாய் அதிகம் கொடுத்துக்கூட
சங்கரா வாங்கியிருக்கிறேன்.

ஆனால் இருமல்?
அது எந்தக் கதவைத் தட்டி வந்தது?

எர்ணாவூரில் நாங்கள் வீடு மாறவில்லை.
அதே ஜன்னல். எதிரே அதே புகைபோக்கிகள்.
வெள்ளைத் துணியை வெளியே காயப்போடுவதை
செலினா விட்டு வருசமாகிறது.
காலையில் துடைத்த டிவிமேல்
சாயங்காலம் ஜெனிட்டா விரலால் பேர் எழுதுவாள்.
ஜன்னலில் இடமிருந்து மூன்றாம் கம்பி,
அப்பா பிடித்த இடத்தில் மட்டும் பெயின்ட் கிடையாது.
போன வாரம் ராத்திரி முழித்துப் பார்த்தால்
பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறி
சரியாக அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு
நின்றிருந்தாள்.
யாரும் சொல்லித்தரவில்லை.

"மேடம், ஒரு நிமிசம்,
நான் இவளைப் பெத்த அப்பா இல்ல.
அதை அடிச்சிடுங்க."

அடித்தார்.
அடித்த கோட்டின்மேலேயே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
"வீடு எங்கீங்க?"
சொன்னேன்.
காற்று எப்படி, பக்கத்தில் என்ன ஆலை,
எதையும் கேட்கவில்லை.
காலையிலிருந்து அந்த ஊர்ப் பெயரை
எத்தனை தரம் எழுதினாரோ,
கை தானாகவே எழுதிவிட்டது.

ஊதா டப்பா ஒன்று கொடுத்தார்கள்.
வாயில் வைத்து அழுத்தி
உள்ளே இழுத்து
பத்து எண்ணும்வரை மூச்சை விடக்கூடாது.

பஸ் ஸ்டாப்பில் பழகிப்பார்த்தோம்.
கண்ணை உருட்டி என்னையே பார்க்கிறாள்.
நானும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டு
விரல்விட்டு எண்ணுகிறேன்.
ஆறு.
ஏழிலேயே விட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

இந்தப் பொறுமையில்லாத்தனம் மட்டும்
சத்தியமாய்
செலினாவுடையது.