பெட்டி எண் 31

பல்லைப் பிடுங்கத்தான் போனேன்.
பஹாவ் டவுன் கிளினிக்கில்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
"விமலேஸ்வரி, கொஞ்சம் உட்காருங்க" என்றார்கள்.
உட்கார்ந்துதான் இருந்தேன்.

கீழ்த்தாடையில் கறுப்பாய் ஒரு வட்டம்.
எலும்பு இருக்க வேண்டிய இடத்தில்
எலும்பு இல்லை.
வாடகையும் தராமல் வலியும் தராமல்
எத்தனை வருஷம் குடியிருந்ததோ.

சிரம்பானில் ஊசி குத்தி நீர் எடுத்து
மூன்று வாரம் காக்க வைத்தார்கள்.
மூன்று வாரமும் நான் குழாய் தூக்கினேன்.

என் வேலை அது.
செம்பனைக்கு நடுவே கம்பத்தில் ஏற்றிய
ஆந்தைப் பெட்டிகளைக் கணக்கெடுப்பது.
எலிக்கு விஷம் வைப்பதைவிட
ஆந்தைக்கு வீடு வைப்பது மலிவாம்.
பெட்டியைத் திறக்கக் கூடாது,
திறந்தால் தாய் போய்விடும்.
பீவிசி குழாய் நுனியில் கேமராவைக் கட்டி
வாசல் வழியே மெல்ல நுழைப்பேன்.
கைப்பேசியில் தெரியும்:
இரண்டு முட்டை, ஒரு குஞ்சு, பாதி எலி.
ஒன்றுமில்லை என்றால்
நோட்டில் கோசோங்.

"நீர்க்கட்டிதான், கெட்டதில்லை" என்றார் டாக்டர் யோங்.
"முன்பெல்லாம் எலும்பை அகலமாய்த் திறப்போம்.
இப்போது ஈறுக்குள் நகம் அளவு ஜன்னல்,
அதன் வழியே ஒரு கேமரா..."
நான் சிரித்துவிட்டேன்.
பாவம், அவர் பயம் என்று நினைத்து
என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மயக்கம் தெளிந்தபோது உதடு மரக்கட்டை.
ஆறிய மைலோ மோவாயில் வழிந்ததை
பக்கத்துக் கட்டில் ரொஸ்னா சொல்லித்தான் துடைத்தேன்.
விடியும் நேரம்
கீழுதட்டில் எறும்பு ஊர்ந்தது.
தட்டிவிடப் போனேன்.
எறும்பு இல்லை.

பிறகு பதிவைப் போட்டுக் காட்டினார்.
சிவப்புச் சுவர், ஈரம்,
வெங்காயச் சருகாய் உரிந்து வரும் சவ்வு.
அடியில் வெள்ளையாய் ஒரு நூல்.
"உங்கள் உதட்டு நரம்பு. தொடவில்லை."
எனக்குள் இவ்வளவு இடமா என்று
இன்னொரு முறை போடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தவர்கள்
முகத்தில் தையலைத் தேடினார்கள்.
காணாத ஏமாற்றத்தில்
ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டுப் போனார்கள்.
என்னால் மெல்ல முடியாது.

எலும்பு வளர்ந்து மூட ஒரு வருஷம் ஆகுமாம்.

லீவு முடிந்த திங்கட்கிழமை,
ஒரு கன்னம் இன்னும் உப்பியிருக்க,
முப்பத்தொன்றாம் பெட்டிக்குள் குழாயை விட்டேன்.
நாலு மாசமாய் கோசோங்.
திரையில் இருட்டு,
இன்னும் கொஞ்சம் இருட்டு,
அப்புறம் அந்த இருட்டு
தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு
நுழைந்த வழியே
குழாயை இறக்கினேன்.