நாலு வரி

ரியேகாவிலிருந்து நெரீனா என்பேன்.
சத்தமாகச் சொல்லு என்பாள் ராதோய்கா,
ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பெல்கிரேடில்,
ரிசீவரைத் தோளில் இடுக்கி
தட்டச்சில் விரல் வைத்தபடி.

மாதம் இரண்டு முறை. மிஞ்சினால் மூன்று.
அவ்வளவுதான் எங்கள் ஊர்
தேசத்துக்குத் தேவைப்பட்டது.
ஐந்தாம் பக்கம், இடது ஓரம்,
வானிலைக்கும் சதுரங்கப் புதிருக்கும் நடுவே.

கப்பல் கடலில் இறங்கினால் கேட்பார்கள்.
எத்தனை டன், எந்த நாடு வாங்கியது,
எந்த அதிகாரியின் மனைவி பாட்டிலை வீசினாள்.
முதல் வீச்சில் பாட்டில் உடையவில்லை என்றேன்.
இரண்டாவதிலும்.
எட்சியோ சூப்பெரினா என்றொரு வெல்டர்
கூட்டத்தை விலக்கி மேலேறி
அந்தம்மாவிடம் தன் சுத்தியலை நீட்டினான் என்றேன்.
ராதோய்கா சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது;
தேசத்தின் செலவில்.
மறுநாள் பேப்பரில் டன் மட்டும் இருந்தது.

புரா அடித்து லாரி கவிழ்ந்தால் கேட்பார்கள்.
என்ன அடித்து?
புரா. எங்கள் காற்றின் பெயர்.
எழுத்தெழுத்தாகச் சொல்லு.
சொல்லுவேன்.
'பலத்த காற்று' என்று வரும்.
விளக்குக் கம்பத்தை மனைவி மாதிரிக் கட்டிக்கொண்டு
ஒரு நீதிபதி அரைமணி நேரம் நின்றதை
நான் அனுப்பவே இல்லை.

எண்பத்து மூன்றில் நாட்டில் காபி இல்லை.
த்ரியெஸ்தேயிலிருந்து வந்த ஒருத்தியின்
குழந்தை வண்டியைச் சுங்கத்தில் நிறுத்தினார்கள்.
குழந்தைக்கடியில் பதினோரு கிலோ.
வறுத்ததா, பச்சையா?
பேப்பருக்காகக் கேட்கிறாயா?
இல்லை.
அந்த வாரம் இரவு ரயிலில்
காலுறைக்குள் கால் கிலோ அனுப்பினேன்.
எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை.

வேலைநிறுத்தம் என்ற சொல்
அப்போது எங்களிடம் இல்லை.
எனவே இப்படிச் சொன்னேன்:
கிரேன்கள் நிற்கின்றன, ராதோய்கா,
காலையிலிருந்து ஒவ்வொன்றின் மேலும் கடற்காகம்.
எத்தனை கிரேன்?
எல்லாம்.
இணைப்பில் கோளாறு என்றாள்.
அவள் மூச்சு தெளிவாகக் கேட்டது.
'துறைமுகத்தில் பராமரிப்புப் பணி.'

பிறகு சாரத்திலிருந்து ஒருவன் விழுந்தான்.
எட்சியோதான்.
என் மாடிக்கு எதிர் மாடி;
துணி உலர்த்தும் கயிறு இரு வீட்டுக்கும் பொது.
ஒருவர் என்றால் வராது, மூன்று பேராவது
என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டாள்.
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அதையும் யாரோ கட்டணத்தில் சேர்த்திருப்பார்கள்.

தொண்ணூற்றொன்றில் ஒரு செவ்வாய்க்கிழமை
எண்ணைச் சுழற்றினேன்.
கடல் மாதிரி ஓர் இரைச்சல்.
புதனும் அதே.
அப்புறம் அங்கே போக பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள்.
நான் ஒருமுறைகூடப் போனதில்லை.
அவள் முகம் எனக்குத் தெரியாது;
மூக்கடைப்பு எந்த மாதம் வரும் என்று தெரியும்.

சென்ற குளிர்காலத்தில்
அண்ணன் மகளின் கணவன் அங்கிருந்து
ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தான்.
சுற்றியிருந்தது அதே பேப்பர்.
எழுத்துரு மாறிவிட்டது, இருந்தும் தெரிந்தது.
நீவி விரித்தேன்.
ரியேகாவில் புரா, லாரி கவிழ்ந்தது,
உயிர்ச்சேதம் இல்லை.
நாலு வரி.
தலைப்பில் 'அயல்நாடு'.

யார் சொல்லியிருப்பார்கள்,
யார் கேட்டு எழுதியிருப்பார்கள்?
புரா என்பது புரா என்றே இருந்தது,
யாரோ எழுத்தெழுத்தாகக் கேட்ட மாதிரி.
தேதியைப் பார்த்தேன்.
அதே காற்றில்தான் என் பால்கனித் தொட்டி இரண்டு போயின,
ஒன்றில் துளசி மாதிரி மணக்கும் பசிலிக்கா.
அதை யாரும் கேட்கவில்லை.
செருப்பு அரை அளவு பெரிது.
முனையில் தாளைத் திணித்துப் போட்டுக்கொள்கிறேன்.