அறுபது பேர்

மூன்று மணி அடித்தால் கூண்டில் மனிதர்கள்.
வெல்கொம் ஊருக்கு வெளியே, காலை நாலே முக்கால்,
வலது கையில் விசைத்தண்டு, இடது கையில் பிரேக்,
ஜன்னல் விளிம்பில் பாதி குடித்த ரூய்போஸ் தேநீர்.
எதிரே, கயிற்றின் இழுப்பைச் சொல்லும் முள்.

கூண்டின் பங்கையும் கயிற்றின் பங்கையும் ஒதுக்கிவிட்டு
ஆட்களை மட்டும் மனசுக்குள் எண்ணுவேன்.
அறுபது.

தண்டைத் தள்ளுகிறேன்.
இறக்கத்தில் வேகம் கூடக் கூட
முள் தளர்கிறது.
ஐம்பத்து நாலு.
ஆறு பேரைக் காணோம்.
கதவு பூட்டித்தான் இருக்கிறது.
ஒவ்வொருவனிலும் பத்தில் ஒரு பங்கைத்
தாங்கத் தரை மறந்துவிட்டது.
தம்பி செலீசோவுக்கு வயிறு தொண்டைக்கு வரும் நேரம்.

பிறகு நொடிக்குப் பதினைந்து மீட்டர்.
பாறை மேல்நோக்கி ஓட
முள் அறுபதில் அசையாமல் நிற்கிறது,
எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து
பீன்ஸ் தின்பது போல.

இரண்டு கிலோமீட்டர் ஆழம். பிரேக்.
அறுபத்தாறு.
போன ஆறு பேர் திரும்பிவிட்டார்கள்,
கூடவே இன்னும் ஆறு பேர்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம்
பாறை சரிந்த ஷிப்டில்
இறங்கியது இருபத்துமூன்று, ஏறியது பதினேழு.
கணக்கு எனக்குத் தெரியும்.
நிறையை முடுக்கத்தால் பெருக்கிய பாக்கி இது,
வேறொன்றுமில்லை.
ஆனாலும் முள் அறுபத்தாறில் நடுங்கும்போது
'கொஞ்சம் நெருங்கி நில்லுங்கப்பா, இடமிருக்கு' என்று
முணுமுணுக்காமல் ஒரு நாளும் பிரேக் பிடித்ததில்லை.

என் முகத்தைப் பாதிப் பேர் பார்த்ததில்லை.
என் கையை முழங்காலால் அறிவார்கள்:
தலைவலி நாள், மாதக் கடைசி, தூங்காத ராத்திரி.
'நேற்று யாரோட சண்டை, கெனெவே?
நிறுத்தினப்ப என் கால் ரெண்டும்
சோளமாவு மூட்டை ஆயிடுச்சு' என்பான் செலீசோ.

முள் பூஜ்யத்துக்கு வரும் நாளைப் பற்றி
இந்த அறையில் யாரும் பேசுவதில்லை.
அன்று கயிறு இருக்காது.
அறுபது பேரும் பஞ்சு.

மத்தியானம், ஏற்றம். எல்லாம் தலைகீழ்.
புறப்படும்போதே அறுபத்தாறு,
வாசலை நெருங்கும்போது ஐம்பத்து நாலு.
வெளிச்சத்துக்கு இரண்டு ஆள் உயரம் இருக்க
யார் யாரோ கழன்றுகொள்கிறார்கள்.

கூண்டு நிற்கிறது.
அறுபது என்கிறது முள்.
கதவு திறந்து, தொப்பி தொப்பியாக
நானே எண்ணி முடிக்கும்வரை
ஆறிப்போன தேநீரைத் தொடமாட்டேன்.