பதினான்காம் தேதி வரை

பீன்யாவில் எனக்கு வேலை
பட்டனை இழுத்துப் பார்ப்பது.
ஒன்பது கிலோ இழுவைக்கு அது கழலக் கூடாது,
கழன்றால் சட்டை கப்பலேறாது.
இப்படிப் பத்தொன்பது வருடம்
ஐரோப்பாவுக்கு உடுத்தி அனுப்பியிருக்கிறேன்.
அதையெல்லாம் கழற்றி மடித்து வைத்துவிட்டு
அவர்கள் கடலோரம் உட்காரும் விடுதி ஒன்று
குரோஷியாவில் இருக்கிறதென்று
அல்சூர் வீட்டில், நான் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது,
தணிகாசலம் சொன்னார்.

சொன்னது யார்?
ஏப்ரலிலும் முழுக்கை போட்டு
மணிக்கட்டுப் பட்டனைப் பூட்டிக்கொள்கிற மனுஷன்.
வெண்புள்ளி முதலில் விரலிடுக்கில் வந்தது.
பிறகு முழங்கை.
பிறகு முதுகெல்லாம்
பிளீச் சிந்திய டெனிம் மாதிரி
(அந்தச் சாயத்துக்கு வெளிநாட்டில் இரட்டை விலை).
அவர் கையால் நீட்டிய தாம்பூலத்தை
வாங்கத் தயங்கியவர்கள்
பெயர் பெயராக எனக்குத் தெரியும்.

"கட்டாயமில்லை, விருப்பம்தான்" என்றார்.
விருப்பம் என்ற சொல்
மீன் செதிலாய் என் புறங்கையில் ஒட்டிக்கொண்டது.

அம்மண ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன் என்பார்கள்.
கோவணத்தோடு ஊர் தாண்டிப் போய்
அவிழ்க்கத் தேதி குறிப்பவனை
என்னவென்று சொல்வார்கள்?

விசாவுக்குப் படம் எடுத்தோம்.
அடர் நிறச் சட்டை, காலர் இருந்தால் நல்லது
என்றான் ஸ்டுடியோ பையன்.
பயண நோக்கம்: சுற்றுலா.
ஆபீசில், கோயிலா மேடம் என்றார்கள்.
கடல் என்றேன்.
மைசூர் ஹாஸ்டலிலிருந்து மகன்
கோவா போதாதா என்றான்.
அவனுக்கு விடுதியின் பெயரை மட்டும் சொல்லவில்லை,
தேடிப் பார்த்துவிடுவான்.

விடுதியின் விதிகளைப் போன் தமிழாக்கித் தந்தது:
விருந்தினர் தத்தம் துண்டின் மேல் அமரக் கடவர்.
துண்டா!
தோளில் போட்டாலும் மரியாதை,
இடுப்பில் கட்டினாலும் மரியாதை.
கடைசியில் அங்கேயும்
மானத்தைக் காப்பது அதுதான்.

சனிக்கிழமை ஒத்திகை.
திரைச்சீலைக்கு ஊக்கு குத்தி
சோபாவில் ஆளுக்கொரு துண்டு விரித்து
காப்பி குடித்தோம், ஜாக்கிரதையாக.
இருபத்தாறு வருடக் குடித்தனத்தில்
பகல் பதினொரு மணிக்கு
அவர் தொப்புளை நான் கண்டதில்லை.
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
இருவரும் டி.வி.யைப் பார்த்தோம்.
அது ஓடவில்லை.
அதில் நாங்கள் தெரிந்தோம்.

அப்போது காலிங் பெல், கேஸ்காரர்.
மனேலி யாரூ இல்வா?
"இல்லா" என்று உள்ளேயிருந்து பதில் சொல்லிவிட்டார் இவர்,
கையில் கிடைத்த என் நைட்டிக்குள்
தலையை விட்டபடி.
சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.
சிலிண்டர் திரும்பிப் போனது.
நான்கு நாள் இண்டக்‌ஷன் அடுப்பில் சமைத்தேன்.

எனக்கும் பயம் இல்லாமலில்லை.
சிசேரியன் தையல் கோணல்.
என் மேசைக்கு வந்திருந்தால்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்.
பத்தாவது சான்றிதழுக்கு
அங்க அடையாளம் இரண்டு கேட்டபோது
வெளியே தெரிகிற மச்சமாய்ச் சொல்லம்மா என்றார் ஹெட்மாஸ்டர்.
சொல்லாமல் விட்ட மச்சம் ஒன்று
இன்றுவரை எந்த அரசாங்கத்துக்கும் தெரியாது.

பெட்டி இருபத்துமூன்று கிலோ வரை போகலாம்.
எங்களுடையது ஒன்பதில் நின்றுவிட்டது,
அதிலும் பாதி புளிக்காய்ச்சல்.

பதினான்காம் தேதி வரை ரத்து செய்யலாம்,
முழுப் பணமும் திரும்பும்.
இன்று பன்னிரண்டு.
இரவு, சாப்பாட்டு மேசையில் கால்குலேட்டர்.
வெண்புள்ளித் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துவிடுமாம்.
இரண்டு மணிக்கொரு தரம் கிரீம், எட்டு நாள்,
எத்தனை டியூப் என்று கணக்குப் போடுகிறார்.
முகம், கை, கால் எல்லாம் கூட்டியாயிற்று.

"முதுகையும் சேர்க்கணுமா?"
தலை நிமிரவில்லை.

அவர் தன் முதுகை முழுதாகப் பார்த்ததில்லை.
பார்த்தவள் நான்தான்,
அதுவும் விளக்கணைத்த பிறகு
தெருவிளக்கில்.

நிறைய ஆகும், என்றேன்.